வரிசையின் கடைசி ஆள்

"சரி, அதுக்கு உங்க மாமியார் என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார் கடைசியக்கா. கண் மட்டும் கேட்கப்படுகிறவரின் குதிகாலைவிட்டு அசையவில்லை. கேட்கப்படுகிறவர் ஒரு தபால்காரர். செங்குத்தான ஏற்றத்தில் கால் பின்ன ஆரம்பித்து, உட்காருவதற்குத் தோதாக ஒரு பாறையைத் தேடிக்கொண்டிருந்தவர். கேள்வி காதில் விழுந்ததும் பாறையை மறந்துவிடுகிறார். மாமியார் சொன்னது, அதற்கு இவர் பதில் சொல்லாமல் மென்று விழுங்கியது, அன்றைக்கே சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார் என்பது எல்லாம் வரிசையாக வருகின்றன. ஏற்றம் முடிந்துவிடுகிறது. மாமியார் கதை பாதிதான் முடிந்திருக்கிறது.

எங்கள் மலையேற்றக் குழுவில் கடைசியக்காவுக்கு வேறு பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஏதாவது ஒரு மலையில் ஏறிவிட்டு, மாலையில் நொண்டிக்கொண்டே வீடு திரும்புகிற பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். முன்னால் ஒரு மருந்துக்கடைக்காரர் போவார். அவரிடம் போனில் வரைபடமும் கழுத்தில் விசிலும் உண்டு. வரிசையின் முடிவில் கடைசியக்கா வருவார். இவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது குழுவின் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. யாராவது முடியாமல் திரும்ப நினைத்தால் அவரைத் தனியே விடக்கூடாது. கடைசி ஆள் கூடவே இறங்கிப் போய் பஸ் ஏற்றிவிட வேண்டும்.

நாற்பத்தெட்டு வயது. குள்ளம். கணவருடைய பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை முழங்கைவரை மடித்து விட்டிருப்பார். முதுகில் இருக்கும் பை அவரைவிட அகலம். அதில் பிறருக்குத் தேவைப்படுகிற சாமான்கள் மட்டுமே இருக்கும்: கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, அறுந்த ஷூ லேஸுக்கு மாற்று, யாரோ மறந்து வைத்துவிட்டு வந்த தண்ணீருக்குப் பதிலாக இன்னொரு பாட்டில். தனக்கென்று எடுத்து வருவது அவித்த முட்டை இரண்டு. அதையும் நடந்துகொண்டே ஒற்றைக் கையால் உரிப்பார்.

வாரத்தின் மற்ற நாட்களில் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த பவரைப் பார்த்துக் கண்ணாடி தயாராகி வந்ததும், அதை வாங்குபவரின் மூக்கிலும் காதிலும் சரியாக உட்காரவைப்பது இவர் வேலை. காதில் மாட்டுகிற தண்டைச் சூடு காட்டி வளைப்பார், மாட்டிப் பார்ப்பார், கழற்றி மறுபடி வளைப்பார். "ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கலை" என்பார். தன்னை அழகன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருகிற இளைஞர்கள் இதைக் கேட்டதும் கண்ணாடி முன்னால் நின்று காதைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தொழிலின் சின்னத் திருப்புளியும் கண்ணாடி துடைக்கிற துணியும் மலைக்கும் வரும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் குழுவில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மங்கிவிடும். ஆளுக்கொரு பக்கம் நின்று சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார்கள். பின்னாலிருந்து குரல் வரும். "சட்டையில துடைக்காதீங்க, கோடு விழும். அப்புறம் புதுசு வாங்க எங்க கடைக்குத்தான் வருவீங்க, எனக்கு ஒண்ணுமில்லை." ஆனாலும் மெல்லிய துணியை எடுத்து நீட்டிவிடுவார்.

"கடையில வாரம் முழுக்க மூஞ்சியையே பார்க்கிறேன். ஒரு நாளாவது முதுகைப் பார்த்துட்டு நடக்கிறேனே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பார்த்துப் பார்த்து அதில் தேர்ந்துவிட்டார். எங்கள் எல்லாரையும் பின்பக்கமாகத்தான் தெரியும். கடைத்தெருவில் எதிரே வந்தால் ஒரு கணம் யோசிப்பார். நாம் கடந்துபோன பிறகு, "அட, சார்தானா" என்று கூப்பிடுவார். குதிகால் தரையில் எப்படி விழுகிறது என்பதை வைத்து, இன்னும் எவ்வளவு தூரத்தில் ஆள் உட்காருவார் என்று சொல்லிவிடுவார். நாம் உணர்வதற்கு முன்னாலேயே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

களைத்தவரிடம், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் சொல்லவே மாட்டார். "அது பொய். வாய்க்குப் பொய் பழக்கம்தான், முழங்கால் நம்பாது" என்பார். அதற்குப் பதிலாக அவர் கையாளும் வழி, மனக்குறையைக் கிளறுவது. ஒவ்வொருவருக்கும் என்ன குறை என்று தெரிந்து வைத்திருக்கிறார். தபால்காரருக்கு மாமியார். பள்ளி ஆசிரியைக்கு, அவருக்கு வரவேண்டிய பதவியைத் தட்டிக்கொண்டு போன சக ஆசிரியை. எனக்குப் பத்திரிகை ஆசிரியர். என் மூச்சு வாங்குகிற சத்தம் மாறினால் போதும், பின்னாலிருந்து மெதுவாக, "உங்க எடிட்டர் இப்பவும் கடைசிப் பாராவை வெட்டுறாரா சார்?" என்று வரும். அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு ஏறிவிடும். பேசிக்கொண்டே, கையை ஆட்டிக்கொண்டே, கோபத்தில் பாறை பாறையாக ஏறிக்கொண்டிருப்பேன். இதை எழுதுகிறபோதுதான் எத்தனை மலைகளை அந்த மனிதரைத் திட்டியே ஏறியிருக்கிறேன் என்று தெரிகிறது.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மனைவியின் ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குப் புரிவதே இல்லை. "ஜனங்க நடந்து மேல போகக் கூடாதுன்னுதானே நான் ராப்பகலா உழைக்கிறேன்" என்பார். ஆனால் சனிக்கிழமையே முட்டையை அவித்து வைப்பதும் அவர்தான்.

ஊரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெரிகிற பெரிய மலை ஒன்று உண்டு. நாங்கள் வருடத்தில் இரண்டு மூன்று முறை அதில் ஏறுவோம். குழுவில் எல்லாரும் அதன் உச்சியைப் பார்த்தாகிவிட்டது, கடைசியக்காவைத் தவிர. ஒவ்வொரு முறையும் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும். ஒருமுறை ஒருவருக்குக் கொப்புளம். ஒருமுறை புதிதாகக் கல்யாணமான தம்பதி பாதி வழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். கணவர் கோபத்தில் மேலே போனார், மனைவி கோபத்தில் கீழே இறங்கினார். கூட இறங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. உச்சிக்குப் போனவர்கள் மாலையில் படங்களை அனுப்புவார்கள். "எல்லாருடைய உச்சியும் என் போன்ல இருக்கு" என்று சிரிப்பார். "மேல என்ன இருக்கு? கீழ இருக்கிற அதே காத்துதான். கொஞ்சம் சில்லுனு இருக்கும்."

நான் அதை நம்பியதில்லை. கடையின் கண்ணாடிக் கதவு வழியாக அந்த மலை தெரியும். வாடிக்கையாளரின் புதுக் கண்ணாடியைச் சோதிக்க, எல்லாரும் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். இவர் கதவுக்கு வெளியே கையைக் காட்டி, "அந்த மலை உச்சி தெளிவா இருக்கா, பாருங்க" என்பார். தெளிவாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதும் தானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

போன மாதம் கடை முதலாளி வேறு ஊரில் கிளை திறந்தார். அதைப் பார்த்துக்கொள்ள இவரை அனுப்புவதாக முடிவாயிற்று. அந்தக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம், லீவு கிடையாது. செய்தியை மருந்துக்கடைக்காரரிடம் சொன்னபோது, "போறதுக்கு முன்னாடி பெரிய மலைக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா தம்பி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மருந்துக்கடைக்காரர் அன்றே சதியில் இறங்கிவிட்டார். அவர் எனக்குப் போன் செய்தபோது குரல் ரகசியமாக இருந்தது. "சார், இந்தத் தடவை அக்கா உச்சிக்குப் போயே ஆகணும். கொப்புளம் வர்ற ஆளு, சண்டை போடற ஆளு ஒருத்தரையும் நான் கூப்பிடலை. உங்களைக் கூப்பிடறதா வேண்டாமான்னே ரொம்ப யோசிச்சோம்."

"ஏன் யோசிக்கணும்?"

"உங்க மூச்சு சார். என்ன ஆனாலும் திரும்ப மாட்டேன்னு வாக்குக் குடுங்க. முடியலேன்னா சொல்லுங்க, நாங்க தூக்கிட்டுக்கூடப் போறோம். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

வாக்குக் கொடுத்தேன். அந்த வாரம் முழுவதும் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மலை இருந்த இடத்தில் மலை இல்லை. வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து புத்தம்புது ஷூ போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கடைசியக்காவின் அக்கா வீட்டுக்காரர். எங்களுக்கு முன்னாலேயே தன் வண்டியில் வந்து காத்திருக்கிறார். "டாக்டர் நடக்கச் சொல்லிட்டார். உங்கக்கா, தங்கச்சிகூடப் போனாத்தான் பத்திரமா இருப்பீங்கன்னு அனுப்பிட்டா" என்றார்.

மருந்துக்கடைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. அத்தான் இதே மலையில் முன்பு இரண்டு முறை பாதியில் திரும்பியவர், இரண்டு முறையும் மைத்துனியைக் கூட்டிக்கொண்டு. தொழில், சோபா விற்பது. உட்காருவதன் அருமை தெரிந்தவர். கடைசியக்கா மட்டும், "வாங்க அத்தான்" என்று சொல்லி அவர் ஷூ லேஸைக் குனிந்து பார்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டச் சொன்னார்.

வரிசையில் நான், எனக்குப் பின்னால் அத்தான், அவருக்குப் பின்னால் கடைசியக்கா. முன்னால் போகிறவர்கள் பனிக்குள் கரைந்து, குரல் மட்டுமாக இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தானின் காலடிச் சத்தம் இழுக்க ஆரம்பித்தது. எனக்கே கேட்டது என்றால் அக்காவுக்குக் கேட்காதா. வேலையைத் தொடங்கினார்.

"உங்க கடைப் பையன் இப்பவும் லேட்டாத்தான் வர்றானா அத்தான்?"

"பாவம்மா, ரெண்டு பஸ் மாறி வர்றான்."

"பக்கத்துக் கடைக்காரர் உங்க வாசல்லயே வண்டியை நிறுத்துறாராமே?"

"நிறுத்தட்டும். பார்க்கிறவங்களுக்கு நம்ம கடையில கூட்டம் மாதிரித் தெரியும்."

பிறகு கடைசி ஆயுதத்தை எடுத்தார். "எங்கக்கா உங்களை ஏதாவது சொல்லிட்டே இருப்பாளே?"

"சொல்லுவா. யோசிச்சுப் பார்த்தா சரியாத்தான் சொல்லியிருப்பா."

உலகத்தில் யார்மேலும் ஒரு குறையும் இல்லாத இப்படி ஒரு தங்கமான மனிதரை வைத்துக்கொண்டு எப்படி மலை ஏறுவது? திட்டுவதற்கு ஆளில்லாமல் அவர் வெறும் காலாலேயே ஏற வேண்டியிருந்தது. அந்தக் கால்களும் ஓர் இடத்தில் நின்றுவிட்டன. அகலமான கல் ஒன்றில் உட்கார்ந்து, கையால் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "நல்ல கல்லு. முதுகுக்குத்தான் ஒண்ணும் இல்லை" என்றார். பிறகு, "இதுக்கு மேல முடியாதும்மா. நான் திரும்பிடறேன்" என்றார்.

நான் கடைசியக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை. அத்தானுக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தன் பை வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார். "சரி அத்தான். மெதுவா இறங்கலாம்" என்றார். எத்தனை முறை சொல்லிப் பழகிய வார்த்தையோ, அவ்வளவு லேசாக வந்தது. வாக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், விஷயத்தை அத்தானிடம் உடைத்துவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

மேலே பனிக்குள் விசில் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்ற குரலைத் தொடர்ந்து மருந்துக்கடைக்காரரும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவர் அசடு வழிந்துகொண்டிருந்தார். உச்சிக்குப் போகிற வழியில் பாறைகளில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டிருப்பார்கள். கீழே வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், பனியில் பாறைக் குறி தெரியவில்லை. மரத்தில் இருந்த சிவப்புக் குறிதான் தெரிந்தது. புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டே ஏறியிருக்கிறார். அது வெட்டப் போகிற மரங்களுக்குப் போட்ட குறி. எந்த டாக்டருடைய கிறுக்கலையும் படித்துவிடுகிற மனிதர், வெட்டிப்போட்ட மரக்கட்டைகளின் மேல் இடித்துக்கொண்ட பிறகுதான் இதைப் படித்திருக்கிறார்.

"நானும் கவனிக்கலை தம்பி. நான் எங்க மரத்தைப் பார்த்தேன்? குதிகாலைத்தானே பார்த்தேன்" என்றார் கடைசியக்கா.

அத்தான் கல்லில் உட்கார்ந்தபடியே கேட்டார். "அப்ப இவ்வளவு நேரம் நான் ஏறினது?"

"அது மலையோட தோள்பட்டை சார். உச்சி அந்தப் பக்கம். பிரிவு வரைக்கும் இறங்கிட்டு மறுபடி ஏறணும்."

அத்தான் எழுந்து நின்றார். அந்தத் தங்கமான முகம் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான் ஒரு வீட்டுக்கு சோபா அனுப்பறேன்னு வைங்க. மூணு மாடி தூக்கிட்டுப் போனப்புறம், வீடு மாறிப்போச்சுன்னு சொன்னா கஸ்டமர் சும்மா விடுவாரா?"

"விடமாட்டார் சார்."

"நான் மட்டும் விடணுமா?"

பாதை ஒற்றையடிப் பாதை. ஒருவரை ஒருவர் தாண்ட இடமில்லை. வரிசை நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டது. கடைசியாக இருந்தவர் முதலில் ஆனார். அவருக்குப் பின்னால் அத்தான், அத்தானுக்குப் பின்னால் நான். மருந்துக்கடைக்காரர் எங்கேயோ பின்னால் மாட்டிக்கொண்டார். பிரிவுக்கு வந்ததும் அவர் ஒதுங்கி ஒதுங்கி முன்னால் வரப் பார்த்தார். அத்தான் கையை நீட்டி மறித்தார்.

"நீங்க முன்னாடி போனது போதும். எங்க வீட்டுப் பொண்ணு போவா."

"அத்தான், நீங்க திரும்பணும்னு சொன்னீங்களே. பஸ்ஸுக்கு இப்படிப் போகணும்" என்று கடைசியக்கா கீழ்வழியைக் காட்டினார்.

"யார் திரும்பறது? காலையிலேருந்து இந்த மனுஷனை நம்பி ஏறியிருக்கேன். உச்சியைக் கண்ணால பார்த்துட்டு, அங்க வச்சு நாலு வார்த்தை கேட்காம இறங்க மாட்டேன். நீ நட."

கடைசியக்கா நடக்கவில்லை. எதிரே இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முன்னாடி ஒரு முதுகும் இல்லையே" என்றார் மெதுவாக. பிறகு முதல் பாறையில் இருந்த வெள்ளைக் குறியைத் தேடி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏற ஆரம்பித்தார்.

அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத படியில் ஏறுகிறவர்போல ஏறினார். நொடிக்கொருமுறை திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தார். யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லாமல் போயிற்று. அத்தான் நிறுத்தாமல் பேசினார். வரைபடம் என்றால் என்ன, விசில் எதற்கு, தலைவர் என்பவர் யார், நாளைக்கு இவர் கடையில் வாங்குகிற மாத்திரையை நம்பி முழுங்கலாமா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பாறை ஏறினார். எப்போதாவது குரல் தளர்ந்தால், மருந்துக்கடைக்காரர் பின்னாலிருந்து பணிவாக, "தப்பு என்மேல இல்லை சார், பெயிண்ட் அடிச்சவன்மேல" என்று எடுத்துக் கொடுத்தார். அத்தான் மறுபடி கொதித்து மேலும் நாலு பாறை ஏறினார். திட்டு வாங்குகிற மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கண்டதில்லை. என் மூச்சை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

முன்னால் கடைசியக்கா நின்றுவிட்டார். தட்டையான ஒரு பாறைமேல் நின்று இங்கும் அங்கும் குனிந்து குறியைத் தேடினார். பாறையின் மறுபக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"தம்பி, மறுபடியும் வழி விட்டுப்போச்சு போல. இதுக்கு மேல ஒண்ணையும் காணோம்."

அத்தான்கூட வாயை மூடிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர்தான் கடைசியில் சொன்னார்.

"இதுக்கு மேல ஒண்ணும் கிடையாதுக்கா."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டார். எங்களையெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாங்கள் எதற்கு இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பதும் அப்போது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அடப்பாவிங்களா" என்றார். தபால்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையிலேயே துடைத்தார். யாரும் அவரைத் திட்டவில்லை.

நாலு பக்கமும் பார்த்தோம். பார்க்க ஒன்றுமே இல்லை. ஊர் இல்லை, ஆறு இல்லை, வானம்கூட இல்லை. பாலைக் கொட்டியதுபோல ஒரே வெள்ளை. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று அத்தான் கேட்டார். அவர் கேட்கவேண்டிய நாலு வார்த்தையும் அதோடு தீர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் நீட்டிய ரொட்டியை வாங்கிச் சாப்பிட்டார். எல்லாரும் கடைசியக்காவை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, பாறையிலேயே உட்கார்ந்தோம். குளிர் எலும்பைத் தொட ஆரம்பித்தது. முகத்தில் இரண்டு துளி விழுந்தது.

"மழை வர்றதுக்குள்ள இறங்கிடலாம், கிளம்புங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எல்லாரும் எழுந்தோம். கடைசியக்கா எழுந்திருக்கவில்லை.

"நீங்கல்லாம் இறங்குங்க. கடைசி ஆள் கடைசியாத்தானே வரணும்" என்றார்.

சட்டம் சட்டம்தான். ஒவ்வொருவராக இறங்கினோம். எனக்கு முன்னால் போன அத்தானின் முதுகு பனியில் மறைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் இறங்கியபின் நான் திரும்பிப் பார்த்தேன். கடைசியக்கா அந்தப் பாறையின் நட்டநடுவில் உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கால்களையும் கல்லில் நன்றாக அழுத்திக்கொண்டிருந்தார்.